மெட்டைக் கடன் வாங்கறவன் இசைக்காரனா?

தகடூர்த்தாளம்: நையாண்டிப் பாட்டு எழுதறவங்களை இசைக்கலைஞர்னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல. மெட்டு அடுத்தவரோடது, வார்த்தை மட்டும் இவரோடது. அமெரிக்காவோட ‘வியர்ட் ஆல்’ யாங்கோவிக்கையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஓசூர்_கீபோர்டு: அண்ணா, அவர் கரோக்கி போட்டுப் பாடறவர் இல்ல. மூலப் பாட்டைக் கேட்டுக் கேட்டு டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாத்தையும் அவரோட குழுவே புதுசா வாசிச்சு எடுக்கும். ஒவ்வொரு ஆல்பத்துலயும் சொந்த மெட்டும் இருக்கு. ஒரு குழுவோட பாணியைப் பிடிச்சு, அவங்க போடாத மெட்டைப் போடுவார். 1983ல முதல் ஆல்பம். 2014ல வந்த 14ஆவது ஆல்பம் அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200ல முதலிடம். நகைச்சுவை ஆல்பம் ஒண்ணு அந்த இடத்தைப் பிடிச்சது 1963க்கு அப்புறம் அப்பத்தான்.

தகடூர்த்தாளம்: வித்த கணக்கு எதுக்கு தம்பி? எழுத்துல என்ன வித்தை இருக்கு, அதைச் சொல்லு.

பாலக்கோடு_சந்தம்: நான் சொல்றேன். தத்தகாரம், அதாவது வார்த்தை இல்லாம மெட்டோட அளவைக் காட்டற அசை, ‘தானான தானா தானானே’. மூலம் ‘பொன்னான பெண்ணைப் பார்த்தேனே’ன்னு வெச்சுக்குங்க (சும்மா நானே போட்டது). நம்ம ஊர்ச் சரக்கை ஏத்தினா:

தக்காளி ரேட்டைக் கேட்டேனே
உட்கார்ந்து ரோட்டில் வேர்த்தேனே

தக்-கா-ளி: நெடில், நெடில், குறில். ஒற்று வந்தா குறிலும் நெடில் கணக்குத்தான். அச்சா உட்காருது. அதே சொல்லைத் திருப்பி ‘கேட்டேனே ரேட்டைத் தக்காளி’ன்னு போட்டா ரெண்டு இடத்துல இடிக்கும். குறில் வரவேண்டிய மூணாவது அசையில ‘னே’. மெட்டு இழுக்கிற கடைசி அசையில ‘ளி’. அதை ‘ளீஈஈ’ன்னு இழுத்தா கேக்கறவன் காயை விட்டுட்டுப் பாடகன் வாயைப் பார்ப்பான். மூலத்தோட ‘தேனே’ ஓசை வால்ல இருக்கறதாலதான் எந்தப் பாட்டுன்னு உடனே பிடிபடுது. மேல்ஸ்தாயியில மூலத்துல ‘ஆ’ இருந்தா நீங்களும் ‘ஆ’ வையுங்க. அங்கே ‘இ’ வெச்சா குரல் நெரிபடும்.

அரூர்_கூத்துப்பிரியன்: இவ்வளவு கறார் எதுக்குங்க? நம்ம பக்கத்துத் தெருக்கூத்துல கட்டியக்காரன், அதான் கோமாளி, சினிமா மெட்டை எடுத்து ஊர்க் கதையைப் பாடறான். ரெண்டு அசை கூடினாலும் குறைஞ்சாலும் ஆர்மோனியக்காரர் நிறுத்திப் பிடிப்பார். ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க.

பாலக்கோடு_சந்தம்: ஐயா, அங்கே பின்பாட்டுக்காரங்க அடியைத் திருப்பிப் பாடறாங்க. முதல் தடவை நழுவினது ரெண்டாம் தடவை காதுல ஏறிடும். ரெக்கார்டிங்ல அந்த வசதி கிடையாது. ‘ரேட்டை’ தாளம் விழற இடத்துல தெளிவா விழலைன்னா சிரிப்பு அப்பவே போச்சு.

அரூர்_கூத்துப்பிரியன்: அப்போ மேடைக்கு ஒரு சட்டம், யூடியூபுக்கு ஒரு சட்டமா?

பர்கூர்_மாந்தோப்பு: சட்டம்னதும் ஞாபகம் வருது. கரோக்கி டிராக் போட்டா யூடியூபோட கன்டென்ட் ஐடி, அதாவது அடுத்தவர் ஒலிப்பதிவைத் தானா கண்டுபிடிக்கிற ஏற்பாடு, பிடிச்சுடும். நீங்களே வாசிச்சாலும் மெட்டோட உரிமை இசையமைப்பாளர், இல்லைன்னா அதை வாங்கின கம்பெனி பக்கம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994லயே நையாண்டி, அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய ‘நியாயமான பயன்பாடு’ ஆகலாம்னு சொல்லிடுச்சு. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துல ‘விமர்சனம்’னு இருக்கு, நையாண்டின்னு தனியா ஒரு வார்த்தை இல்ல. வந்த பாட்டை வேற ஆள் திரும்பப் பாடிப் பதிவு செய்யற கவர் பாட்டு விதியும் கைகொடுக்காது: அஞ்சு வருஷம் காத்திருக்கணும், அதுக்கப்புறமும் வரியை மாத்த விடாது. யாங்கோவிக் அனுமதி கேட்டுத்தான் செய்வார். 1996ல கம்பெனி ஆட்கள் வழியா சம்மதம் வந்துடுச்சுன்னு நம்பி ஒரு பாட்டை விட்டார், மூலப் பாட்டைப் பாடின ராப் பாடகர் கூலியோ ‘நான் சம்மதிக்கவே இல்லை’ன்னுட்டார். அதுக்கப்புறம் பாட்டுக்காரங்களையே நேரா கேக்கறார்.

ஓசூர்_கீபோர்டு: அண்ணா, இப்பவாவது ஒத்துக்கறீங்களா?

தகடூர்த்தாளம்: தக்காளி சந்தத்துல உட்கார்ந்துச்சு, ஒத்துக்கறேன். அதை எழுதினவன் கவிஞன். இசைக்காரன்னு சொல்ல அவன் போட்ட சொந்த மெட்டு ஒண்ணை எடுத்து வைங்க, கேட்டுட்டுச் சொல்றேன்.