திரைப்பதிவின் கறுப்பும் வெள்ளையும் ரிசால்வில் மட்டும் வெட்டுப்படுவது ஏன்?

கேள்வி (நிழற்கோடு):
வணக்கம். கேமராக் காட்சிகளையும் ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்த திரைப்பதிவையும் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் ஒரே டைம்லைனில் வைத்துத் தொகுத்து வருகிறேன். கேமராக் காட்சிகளில் குறையில்லை. ஆனால் திரைப்பதிவில், பதிவின்போது தனித்தனியாகத் தெரிந்த கருஞ்சாம்பல் பட்டைகள் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. வெளிர்சாம்பல் பொத்தான்களும் வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகின்றன. அதே கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. எங்கோ படித்த அறிவுரைப்படி, டைம்லைனில் உள்ள எல்லாக் கிளிப்புகளுக்கும், ஒளிர்வு எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் டேட்டா லெவல்ஸ் அமைப்பை 'வீடியோ' என்று மாற்றியிருந்தேன். இப்போதைக்கு லிஃப்ட்டை (இருண்ட பகுதிகளுக்கான திருத்தம்) ஏற்றியும் கெயினை (ஒளிர்ந்த பகுதிகளுக்கானது) இறக்கியும் சமாளிக்கிறேன். இது சரியான வழிதானா?

மறுமொழி (அலைவரைவு):
சரியான வழியன்று, விடையும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 8 பிட் வீடியோவில் ஒரு புள்ளியின் ஒளிர்வை 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதலாம் என்றாலும், 1982இல் வெளிவந்த, டிஜிட்டல் வீடியோவுக்கான பிடி.601 பரிந்துரை தொடங்கி, கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் நிறுத்துவதே வீடியோவின் மரபு. அனலாக் சமிக்ஞையை எண்களாக மாற்றும்போது ஃபில்டர்கள் ஏற்படுத்தும் சிறு துள்ளல்கள் வெட்டுப்படாமல் இருக்க இருபுறமும் இடம் விடப்பட்டது. 0, 255 ஆகிய இரு எண்களும் ஒத்திசைவுக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டன. இதுவே லிமிடெட் ரேஞ்ச். ரிசால்வ் இதைத்தான் 'வீடியோ' என்கிறது. 10 பிட்டில் இதே எல்லைகள் 64, 940 ஆகின்றன. கணினித் திரையோ 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்துகிறது; இது ஃபுல் ரேஞ்ச்.

உங்கள் திரைப்பதிவு ஃபுல் ரேஞ்சில் பதிவாகியிருக்க வேண்டும். அதை 'வீடியோ' என்று நீங்கள் அறிவித்ததால், மென்பொருள் 16ஐக் கறுப்பாகவும் 235ஐ வெள்ளையாகவும் கொண்டு இடைப்பட்டதை இழுத்து நீட்டுகிறது. 16க்குக் கீழும் 235க்கு மேலும் இருந்த வேறுபாடுகள் காட்சி எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. நடுவில் இருந்தவையும் நகர்கின்றன, 40 என்று இருந்த சாம்பல் 28 ஆகிறது. கிளிப் ஆட்ரிபியூட்ஸ் சாளரத்தில் அந்த ஒரு கிளிப்பை மட்டும் 'ஃபுல்' என்று மாற்றி, லிஃப்ட், கெயின் திருத்தங்களை நீக்கிவிடுங்கள். எண்களைத் தவறாகப் படித்ததை வண்ணத் திருத்தத்தால் ஈடுகட்டினால், அடுத்த கிளிப்பிலும் அதையே கையால் செய்ய வேண்டியிருக்கும்.

மறுமொழி (மங்கல்வெள்ளை):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாற்றுவதற்கு முன் கோப்பையும் பார்த்துவிடுங்கள். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கலர் ரேஞ்ச் என்ற வரி இருந்தால் லிமிடெட், ஃபுல் இரண்டில் ஒன்றைச் சொல்லும். அது கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. உள்ளிருக்கும் எண்கள் அதற்கு மாறாகவும் இருக்கலாம். ஐயம் வந்தால், சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் உள்ள ஒரு படத்தைத் திரையில் வைத்து ஓபிஎஸ்ஸில் பதிவுசெய்து, ரிசால்வின் வேவ்ஃபார்மில் (ஒளிர்வைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். அதன் 10 பிட் அளவுகோலில் கோடுகள் 0இலும் 1023இலும் நின்றால், லிமிடெட் கோப்பை ஃபுல் என்று படிக்கவில்லை என்று பொருள். கறுப்பு ஏறியும் வெள்ளை இறங்கியும் படம் வெளுத்துத் தெரிந்தால், லிமிடெட் கோப்பை ஃபுல் என்று படிக்கிறீர்கள்.

காமா (நடுத்தொனிகளின் ஒளிர்வைத் தீர்மானிக்கும் வளைவு) மாற்றத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே கோப்பு ஒரு பிளேயரில் சற்று வெளிறித் தெரிந்தாலே பலர் லெவல்ஸைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். காமா மாறும்போது கறுப்பும் வெள்ளையும் இடம் மாறுவதில்லை, நடுத்தொனிகளே நகர்கின்றன. ரேஞ்ச் பிழையில் இரு முனைகளுமே நகரும்.

கேள்வி கேட்டவர் (நிழற்கோடு):
இருவருக்கும் நன்றி. ஓபிஎஸ் அமைப்பில் கலர் ரேஞ்ச் 'ஃபுல்' என்றே இருந்தது. அந்தக் கிளிப்பை மாற்றியதும் பட்டைகள் பிரிந்துவிட்டன. இனி எச்.264 கோப்பாக வெளியிடும்போதும் 'ஃபுல்' என்றே தேர்ந்தெடுக்க வேண்டுமா? முன்பே 8 பிட்டில் வெளியிட்டுவிட்ட ஒரு பகுதியை மீட்க முடியுமா?

மறுமொழி (அலைவரைவு):
வெளியீட்டில் 'ஆட்டோ' என்றே விடுங்கள், எச்.264க்கு அது வீடியோ லெவலையே எழுதும், பிளேயர்களும் இணையதளங்களும் பெரும்பாலும் எதிர்பார்ப்பதும் அதுவே. உள்ளே வரும் கிளிப் ஃபுல்லாக இருப்பதற்கும் வெளியே போகும் கோப்பின் லெவலுக்கும் தொடர்பில்லை, ஏனெனில் ரிசால்வ் எல்லாவற்றையும் முதலில் தன் உள் அளவுக்கு மாற்றிக்கொண்டுதான் கையாள்கிறது. அது எல்லைக்கு வெளியே உள்ள எண்களையும் வைத்திருக்கும் 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கு என்பதால், டைம்லைனில் எல்லைக்கு வெளியே போனது திரும்பிவரும். வெளியிட்ட 8 பிட் கோப்பில் வெட்டுப்பட்டது திரும்பாது; அந்தப் பகுதியை மூலக் கிளிப்பிலிருந்து மீண்டும் வெளியிடுங்கள்.