காசான் டெஸ்ட் ஒரு ரன்னில் பாஸ், அடுத்த ரன்னில் ஃபெயில்: எம்டிஇ தெரிந்தவர்கள் உதவுங்கள்

கேள்வி:
ஆர்ம்64 லினக்ஸ் கெர்னலில் ஹார்டுவேர் டேக் காசான் (KASAN, கெர்னலின் மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) உண்மையிலேயே பிழையைப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு மாட்யூல் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று டெஸ்ட்: கேமலாக்கில் (கெர்னலில் மெமரி கேட்கும் ஃபங்ஷன்) 128 பைட் வாங்கி அதற்கு அடுத்த பைட்டைப் படிப்பது, அதே இடத்தில் எழுதுவது, விடுவித்த மெமரியைத் தொடுவது. ஒவ்வொன்றும் முடிந்ததும் கெர்னல் லாக்கில் காசான் ரிப்போர்ட் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் தேடும். க்யூமு விஎம்மில் 4 சிபியூ, எம்டிஇ (MTE, மெமரிக்கும் பாயிண்டருக்கும் போட்ட டேக் ஒத்துப்போகிறதா என்று சிபியூவே சோதிக்கும் வசதி) ஆன், கட்டளை வரியில் மல்டி ஷாட்டும் (முதல் பிழையோடு நிற்காமல் ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட் தரும் ஆப்ஷன்) போட்டிருக்கிறேன். ஆனால் எந்த டெஸ்ட் எப்போது விழும் என்று சொல்லவே முடியவில்லை. அதே விஎம்மில் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் பாஸ் ஆகிவிடுகிறது, அதனால் டீமில் ரீட்ரை போட்டு விட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பதில்:
முதலில் காசான் மோட் என்ன என்று பாருங்கள். அசிங்க் மோடில் தவறு நடந்த கணமே ரிப்போர்ட் வராது. சிபியூ அதை ஒரு ரெஜிஸ்டரில் குறித்து வைக்கும், கெர்னல் பிறகுதான் எடுத்துப் பார்க்கும். உங்கள் ஸ்கிரிப்ட் அதற்குள் லாக்கைப் படித்துவிட்டால் ஃபெயில்தான்.

கேட்டவர்:
சிங்க் மோட்தான், பூட் லாக்கிலும் அப்படியே வருகிறது. தூங்க விட்டு லாக்கைப் படித்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

பதில்:
அப்படியானால் இது டைமிங் இல்லை. ஒரே ஒரு சிபியூ கொடுத்து பூட் செய்து பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் எப்போதுமே விழுந்தால் காரணம் தெரிந்துவிடும்: டேக் ஃபால்ட் வந்ததும் ஆர்ம்64 கெர்னல் அந்த சிபியூவில் டேக் சோதனையை நிறுத்திவிடுகிறது. மற்ற சிபியூக்களில் அவை தாங்களாக ஒரு ஃபால்ட்டைச் சந்திக்கும் வரை சோதனை ஓடிக்கொண்டிருக்கும். மல்டி ஷாட் ரிப்போர்ட்டை அச்சிட மட்டும்தான் அனுமதிக்கும், நிறுத்திய சோதனையைத் திரும்ப ஆரம்பிக்காது. ஆக உங்கள் இரண்டாவது டெஸ்ட் ஷெட்யூலர் தயவில் வேறு சிபியூவில் ஓடினால் பாஸ், அதே சிபியூவில் ஓடினால் ஃபெயில். ரீட்ரை ஏன் "வேலை செய்தது" என்பதும் இதுதான், இன்னும் சோதனை நிற்காத ஒரு சிபியூவுக்கு அது தற்செயலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கெர்னலோடு வரும் காசான் கேயூனிட் (KUnit, கெர்னலின் யூனிட் டெஸ்ட் அமைப்பு) டெஸ்ட்களைப் படித்துப் பாருங்கள். தவறான அணுகலுக்கு முன் டாஸ்க் வேறு சிபியூவுக்கு நகராமல் தடுத்து, ரிப்போர்ட் வந்ததும் டேக் சோதனையைத் திரும்ப இயக்கி, அதன் பிறகுதான் நகர விடுகிறார்கள். உங்கள் டெஸ்ட்களையும் அங்கேயே சேர்ப்பது நல்லது, முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக பூட் செய்து ஒரே ஒரு டெஸ்ட்.

கேட்டவர்:
ஒரு சிபியூவில் முதல் டெஸ்ட் பிடிபடுகிறது, மற்ற இரண்டும் ஒவ்வொரு முறையும் விழுகின்றன, நீங்கள் சொன்னது அப்படியே. பூட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டேன். ஆனால் எல்லை தாண்டிப் படிப்பதும் எழுதுவதும் புது பூட்டில் தனியாக ஓட்டினாலும் எப்போதாவது நழுவுகின்றன. விடுவித்த மெமரி டெஸ்ட் மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. இது ஏன்?

பதில்:
நண்பரே, அந்த வித்தியாசத்திலேயே விடை இருக்கிறது. எம்டிஇயில் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 4 பிட் டேக், மொத்தம் 16 மதிப்பு. இதில் ஒன்று எதனோடும் ஒத்துப்போவது, இன்னொன்று செல்லாத மெமரிக்கு ஒதுக்கியது. மிச்சம் இருக்கும் 14இல் ஒன்றைத்தான் கெர்னல் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ராண்டமாகக் கொடுக்கிறது. விடுவித்த மெமரிக்கு செல்லாத டேக், அதனால் அந்த இடம் வேறு யாருக்கும் போகாத வரை கண்டிப்பாகப் பிடிபடும். 128 பைட்டைத் தாண்டினால் நீங்கள் தொடுவது பக்கத்து ஆப்ஜெக்டை. அது காலியாக இருந்தால் பிடிபடும், உயிரோடு இருந்தால் 14க்கு 1 வாய்ப்பில் இரண்டு டேக்கும் ஒன்றாகவே அமையும், சுமார் 7 சதவீதம். பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது பூட்டுக்குப் பூட்டு மாறும், ஃப்ரீலிஸ்ட் ராண்டம் (காலி இடங்களின் வரிசையைக் கலைத்துப் போடும் ஆப்ஷன்) ஆன் என்றால் இன்னும் அதிகமாகவே மாறும்.

இதை பக் என்று எண்ண வேண்டாம், இந்தப் பாதுகாப்பின் இயல்பே இவ்வளவுதான். ரீட்ரை போட்டால் இதையும் மறைக்கும், நாளைக்கு யாராவது டேக் போடும் கோடை உடைத்து பாதி தடவை நழுவினாலும் அதையும் சேர்த்தே மறைக்கும். ரீட்ரையை எடுத்துவிடச் சொல்லி டீமில் விடாமல் பேசுங்கள்.

டெஸ்ட்டை இப்படி மாற்றுங்கள்: 128க்குப் பதில் 112 பைட் கேளுங்கள். அதுவும் 128 பைட் துண்டுகளாக மெமரி தரும் ஸ்லாபிலிருந்துதான் வரும், மிச்ச 16 பைட் செல்லாத டேக்கோடு ரெட்சோனாக (யாரும் தொடக் கூடாத பகுதியாக) இருக்கும். 0இலிருந்து எண்ணி 112ஆவது பைட்டைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் பிடிபட வேண்டும். 115 என்று கேட்டு 115ஐத் தொடாதீர்கள், அது கடைசி 16 பைட் துண்டுக்குள்ளேயே இருப்பதால் பிடிபடவே படாது. பக்கத்து ஆப்ஜெக்டையும் சோதித்தே ஆக வேண்டும் என்றால் நிறைய ஒதுக்கி, அடுத்தடுத்து இருக்கும் ஒரு ஜோடியைத் தேடி, இரண்டு பாயிண்டரின் மேல் பைட்டும் வேறாக இருந்தால் மட்டும் தொடுங்கள்.

கேட்டவர்:
112 பைட்டுக்கு மாற்றிய பிறகு நழுவல் நின்றுவிட்டது. ஜோடி டெஸ்ட்டும் எழுதியாகிவிட்டது, ரீட்ரை வரியை நீக்கும் பேட்சையும் அனுப்பிவிட்டேன். ரொம்ப நன்றி.

பதில்:
மகிழ்ச்சி. பூட்டுக்கு ஒரு டெஸ்ட் என்று ஆகிவிட்டதால் காசான் ஃபால்ட் ஆப்ஷனை பேனிக் என்று வைத்துவிடுங்கள். பிடிபட்டால் விஎம் அங்கேயே நின்றுவிடும், ஸ்கிரிப்ட் சீரியல் லாக்கின் கடைசியில் காசான் ரிப்போர்ட்டும் பேனிக்கும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டெஸ்ட் முடிந்து ஷெல் திரும்பி வந்தாலே அது ஃபெயில்.