டீஃப்ராக் மென்பொருள் தேவையா? விண்டோஸ் 4% என்கிறது, இது 31% என்கிறது

நிலவன்:
லேப்டாப்பில் இரண்டு டிரைவ். சி: 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 அதில் இருக்கிறது. டி: 1 டிபி ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம், 620 ஜிபி நிரம்பியிருக்கிறது. பெரும்பாலும் வீடியோ, போட்டோ, பழைய ஃபைல்கள். டி டிரைவில் சில ஃபோல்டர்களைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கிறது. இலவச டீஃப்ராக் மென்பொருள் (துண்டுகளாகச் சிதறிய ஃபைல்களை ஒரே இடத்தில் சேர்ப்பது) ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சி 22%, டி 31% சிதறிக் கிடக்கிறது என்று சிவப்பில் காட்டுகிறது. விண்டோஸின் சொந்தக் கருவியோ டி-க்கு 4% என்கிறது. சி-க்குச் சதவீதமே இல்லை, கடைசி ரீட்ரிம் (ட்ரிம், அதாவது அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) நடந்து 3 நாள் ஆனதாக மட்டும் சொல்கிறது. எதை நம்புவது? பின்னணியில் எப்போதும் ஓடும் ஆட்டோ டீஃப்ராக் என்று ஓர் ஆப்ஷன் வேறு இருக்கிறது. அதைப் போடலாமா?

பிட்டும் பைட்டும்:
இரண்டும் பொய் சொல்லவில்லை, எண்ணும் முறை வேறு. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஏன் என்றால், 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 11.1 மில்லிசெகண்ட். படிக்கும் ஹெட் வேண்டிய டிராக்குக்கு (வட்டப் பாதைக்கு) நகர ஏறக்குறைய 12, செக்டர் (அந்தப் பாதையில் டேட்டா இருக்கும் சிறு பகுதி) ஹெட்டுக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6. ஆக ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ 18 மில்லிசெகண்ட் போகிறது. நொடிக்கு 100 எம்பி படிக்கும் டிஸ்க்கில் 64 எம்பி துண்டைப் படிக்கவே 640 மில்லிசெகண்ட் ஆகும். அதோடு ஒரு 18 கூடினால் 3 சதவீதம்கூட இல்லை. 4 ஜிபி வீடியோ 30 துண்டாகக் கிடந்தாலும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் மென்பொருள் அந்த 4 ஜிபியையும் சேர்த்து 31% கணக்கில் ஏற்றியிருக்கும்.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. 100 எம்பி ஃபைல் ஒன்று 64 கேபி துண்டுகளாக 1600 இடத்தில் சிதறினால், 1 நொடியில் முடிய வேண்டிய வேலை 30 நொடி இழுக்கும். மெயில் டேட்டாபேஸ், கொஞ்சம் கொஞ்சமாக வளரும் லாக் ஃபைல், முன்கூட்டியே இடம் ஒதுக்காமல் இறங்கிய டோரன்ட் எல்லாம் இப்படி ஆகும். டீஃப்ராக் உண்மையில் உதவுவது இவற்றுக்கே.

அதனால் சதவீதத்தை விடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, டீஃப்ராக் கட்டளையை டி டிரைவுக்கு ஏ, வி என்ற இரண்டு சுவிட்ச்களோடு ஓட்டுங்கள். ஏ போட்டால் ஆய்வு மட்டும், எதையும் நகர்த்தாது. அறிக்கையில் ஒரு ஃபைலுக்குச் சராசரி எத்தனை துண்டு என்று ஒரு வரி வரும். அது 1-ஐ ஒட்டி இருந்தால் டீஃப்ராக் செய்து கிடைக்கப் போவது ஒன்றுமில்லை.

கெர்னல்காரன்:
ஆட்டோ டீஃப்ராக்கைப் போடாதீர்கள். குறிப்பாக சி டிரைவை அந்த மென்பொருளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் நகர ஹெட் கிடையாது. எந்த இடத்தில் இருந்தாலும் படிக்க 0.1 மில்லிசெகண்ட் அளவோ அதற்கும் குறைவோதான். அதைவிட முக்கியம், விண்டோஸுக்குத் தெரியும் முகவரி வேறு, சிப்பில் டேட்டா உட்காரும் இடம் வேறு. இரண்டையும் இணைக்கும் பட்டியல் எஸ்எஸ்டியின் கண்ட்ரோலரிடம் இருக்கிறது, வேகத்துக்காக அதுவே டேட்டாவைப் பல சிப்களில் பிரித்துப் போடுகிறது. மேலே என்ன அடுக்கினாலும் உள்ளே அந்த வரிசை இருக்காது. மிஞ்சுவது வீணான எழுத்து. ஒருமுறை ஓட்டினால் எஸ்எஸ்டி செத்துவிடும் என்று பயமுறுத்துவதும் மிகைதான், ஆனால் நாள் முழுக்க ஓடும் ஆட்டோ முறைக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

விண்டோஸின் வாராந்தர ஆப்டிமைசேஷனை நிறுத்த வேண்டாம். எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டால் வழக்கமாக ட்ரிம் மட்டும் அனுப்பும். ஆனால் சிஸ்டம் ரெஸ்டோர் (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) இயக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை எஸ்எஸ்டியையும் டீஃப்ராக் செய்யும். அது தெரிந்தே வைத்த ஏற்பாடு. (2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு கடைசியாக எப்போது செய்தோம் என்பதை மறந்து, தேவைக்கு மேல் செய்தது. அது அந்த ஆண்டே சரிசெய்யப்பட்டது.)

ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பக்கவிளைவு உண்டு. கிளஸ்டர் (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) அளவு 16 கேபிக்குக் கீழே இருந்தால், சாதாரணமாக இருப்பது 4 கேபி, டீஃப்ராக் நகர்த்துவதை ஷேடோ காப்பி (ரெஸ்டோர் பாயின்ட்களுக்காகப் பழைய நிலையைச் சேமிக்கும் வசதி) ஒரு மாற்றமாகவே எண்ணும். அதற்கான இடம் நிரம்பிப் பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் காணாமல் போகலாம். நடுவில் கரன்ட் போனால் ஃபைல் கெடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். பெரும்பாலான டீஃப்ராக் மென்பொருள்கள் விண்டோஸ் தரும் அதே நகர்த்தும் வசதியைத்தான் கூப்பிடுகின்றன, புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே பழைய இடம் விடுவிக்கப்படும்.

செக்டர் 63:
டீஃப்ராக் இருக்கட்டும். "சில ஃபோல்டர்களில் மட்டும் அரை நிமிடம் உறைகிறது" என்கிறீர்களே, அது சிதறலின் அறிகுறி இல்லை. சிதறிய டிஸ்க் மந்தமாகும், குறிப்பிட்ட இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்காது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் டி டிரைவின் 05 (மாற்றிடத்துக்குப் போன செக்டர்கள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை), சி6 (சரிசெய்ய முடியாதவை) மூன்றின் ரா மதிப்பை, அதாவது நேரடி எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை எதையும் ஓட்டாதீர்கள்.

நிலவன்:
05: 0. சி5: 18. சி6: 18. ஆய்வு அறிக்கையில் சராசரித் துண்டு 1.03.

செக்டர் 63:
கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ரா மதிப்பை ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) காட்டும், நீங்கள் அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் 18 என்பது 24. படிக்க முடியாமல் நிலுவையில் 24 செக்டர் இருக்கிறது. அவற்றைத் தொடும்போது டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, அந்த அரை நிமிடம் அதுதான். இந்த நிலையில் டீஃப்ராக் ஓட்டினால் பலவீனமான டிஸ்க்கை மணிக்கணக்கில் அலைய வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் காப்பி. முக்கியமான சிறிய ஃபைல்கள் முன்னால், உறைந்து நிற்கும் ஃபோல்டர்கள் கடைசியில். எல்லாம் வெளியே வந்த பிறகு, க்விக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள். டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும், 1 டிபிக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். எழுதும்போது ஒவ்வொரு நிலுவைச் செக்டரும் ஒன்று தேறும், இல்லை மாற்றிடத்துக்குப் போகும். சி5 பூஜ்யத்துக்கு இறங்கி 05-உம் ஏறாவிட்டால், வேறெங்கும் காப்பி இருக்கிற டேட்டாவுக்கு மட்டும் டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். 05 ஏறினால், அல்லது சில வாரத்தில் சி5 மறுபடி தலைகாட்டினால், மாற்றிவிடுங்கள்.