கடைசி போஸ்டிங்குக்கு எந்த வார்டைக் கேட்பது? ஐசியூவா, மெடிக்கலா?

உட்லண்ட்ஸ்பெண்:
சிங்கப்பூரில் ஒரு பாலிடெக்னிக்கில் தாதிமை (நர்சிங்) டிப்ளோமா, மூன்றாம் ஆண்டு. தாதியாகப் பதிவு செய்வதற்கு முந்தைய அந்த நீளமான போஸ்டிங், அதாவது மருத்துவமனைப் பயிற்சி மட்டும்தான் பாக்கி. மூன்று பிரிவுகளை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்டதே கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எனக்கு ஐசியூ ஆசை. முன்பு கொஞ்ச நாள் அங்கே இருந்தபோது, ஒரே நோயாளியைத் தலை முதல் கால் வரை புரிந்துகொள்ள நேரம் கிடைத்தது, எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கத் தோன்றியது. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் "முதலில் மெடிக்கல், மற்றதெல்லாம் அப்புறம்" என்கிறார்கள். ஒரு தோழி அவசரப் பிரிவுக்குத் தன்னோடு வரச் சொல்கிறாள். அம்மாவோ வீட்டுப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய மருத்துவமனையைக் கட்டி வைத்திருக்கிறார்களே, இருட்டில் ஏன் ரயிலேறிப் போகவேண்டும் என்கிறார். நான் எந்த ஸ்பான்சர்ஷிப்பும் வாங்கவில்லை, அதனால் குறிப்பிட்ட மருத்துவமனையில் வேலை செய்தே ஆகவேண்டும் என்ற பாண்டு கிடையாது. வேலையில் இருக்கும் அக்கா, அண்ணன்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

சிகிளாஸ்அக்கா:
தங்கச்சி, மெடிக்கலை, அதாவது பொது மருத்துவ வார்டை முதலில் போடு. அது சுலபமான வார்டு என்று நினைத்துச் சொல்லவில்லை, சுலபமே இல்லை. காலை ஏழு மணிக்கு முந்தைய ஷிஃப்டிடம் ரிப்போர்ட் வாங்கும்போது உன் கையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஒருவருக்கு இன்சுலின் டிரிப், மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்கவேண்டும். இன்னொருவருக்கு இதயம் பலவீனம், எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று கணக்கு வைக்கவேண்டும். மூன்றாவது ஆளை வீட்டுக்கு அனுப்பவேண்டும், மகள் டாக்சிக்குச் சொல்லிவிட்டு நிற்கிறார், மருந்து இன்னும் வரவில்லை. நான்காவது தாத்தா மூக்குக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். இதில் முதலில் எந்தக் கட்டிலுக்குப் போவாய்? இந்த முடிவைப் பக்கத்தில் பிரிசெப்டர் (உனக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த தாதி) நிற்கும்போதே எடுத்துப் பழகத்தான் கடைசி போஸ்டிங் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு தனியாக எடுக்கும்போது தெரியும் அதன் கனம்.

அப்புறம், நோயாளி மோசமாகப் போவதை முதலில் கண்டுபிடிக்கிற கண் வார்டில்தான் வரும். ஐசியூவில் மானிட்டர் கத்தும், வார்டில் எதுவும் கத்தாது. மூச்சு எண்ணிக்கை ஏறுவது பெரும்பாலும் பிரஷர் இறங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும், ஆனால் அதை எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை. எண்ணாமலேயே பன்னிரண்டு கட்டிலுக்கும் மூச்சு 18 என்று எழுதிய சார்ட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இரவுஷிஃப்ட்:
அக்கா சொல்வதில் பாதி சரி. உங்கள் வகுப்பில் சொல்வதுபோல் முதலில் மெடிக்கலில் இருந்தால்தான் ஐசியூ என்பது பழைய பேச்சு, படித்து முடித்தவர்களை நேராகவே எடுக்கிறார்கள், நானே அப்படி வந்தவன்தான். ஆனால் மாணவியாக வரும்போது எவ்வளவு தொட விடுவார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நோர்அட்ரினலின் என்ற பிரஷர் ஏற்றும் மருந்தைக் கூட்டிக் குறைத்து சராசரி ரத்த அழுத்தத்தை 65க்கு மேல் வைப்பது எல்லாம் பிரிசெப்டர் கையில்தான், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ரத்த வாயு அறிக்கை படிப்பது, கண்மணி பார்ப்பது, மயக்க நிலையை 15 புள்ளிக்கு மதிப்பிடுவது, சளி உறிஞ்சுவது இதெல்லாம் நன்றாகக் கற்றுக்கொள்வீர்கள். ஒன்று அல்லது இரண்டு நோயாளிதான் என்பதால் பலரை ஒரே நேரத்தில் சமாளிக்கும் பழக்கம் மட்டும் வராது. வார்டுக்கும் ஐசியூவுக்கும் நடுவில் இருக்கும் ஹை டிபென்டன்சி பிரிவை ஏன் யாரும் சொல்லவில்லை? மானிட்டரும் உண்டு, நோயாளியும் பேசுவார், ஷிஃப்டுக்கு மூன்று நான்கு பேராவது பார்க்கலாம். உங்கள் ஆசைக்கு அதுதான் பொருந்தும் என்பேன்.

அவசரப் பிரிவு பற்றி ஒரு வரி: பி1 நோயாளி, அதாவது உயிருக்கே ஆபத்தான நிலையில் இருப்பவர் வரும்போது இருக்கும் பரபரப்பை நினைத்துப் போகிறவர்கள், மற்ற நேரமெல்லாம் இசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, வார்டில் கட்டில் கிடைக்காமல் காத்திருக்கும் பாட்டிக்கு டயப்பர் மாற்றுவார்கள். அதுவும் வேலைதான், ஆனால் தெரிந்து போகட்டும்.

ஐடிஇயிலிருந்து:
அம்மா பேச்சைத் தள்ளாதீர்கள். மாலை ஷிஃப்ட் ஒன்பது மணிக்கு மேல் முடிந்து, மறுநாள் காலை ஷிஃப்ட் வரும் வாரம் ஒன்று கட்டாயம் வரும். உட்லண்ட்ஸிலிருந்து டான் டோக் செங் மருத்துவமனை பரவாயில்லை, நொவீனாவுக்கு ஒரே ரயில். சிங்கப்பூர் பொது மருத்துவமனைக்கும் தாம்சன் ரயில் பாதையில் ஊட்ரம் பார்க் வரை மாறாமல் போகலாம். சாங்கி மருத்துவமனை மட்டும் வேண்டாம், அது இருக்கும் சீமெய்க்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தூக்கமில்லாத மாணவிக்கு எந்த வார்டும் ஒன்றுதான்.

நான் துணைநிலைத் தாதியாக இருந்து பிறகு டிப்ளோமா முடித்தவள். என் அனுபவத்தில் பிரிவைவிட பிரிசெப்டர்தான் முக்கியம். ஒரு இடத்தில் என்னை மாணவியாகப் பார்க்காமல் வேலை ஆள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், காலை முழுக்கக் குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும்தான், அதெல்லாம் எனக்கு ஏற்கெனவே கைவந்தது, மருந்து வண்டிப் பக்கமே போகவில்லை. இன்னொரு இடத்தில் பெயரில்லாத சாதாரண எலும்பு வார்டு, பிரிசெப்டர் தினமும் ஒரு நோயாளியைக் கொடுத்து "மருத்துவருக்கு நீயே போன் செய்து சொல்" என்பார். முதல் தடவை என் குரல் நடுங்கியது, பிறகு பழகிவிட்டது.

உட்லண்ட்ஸ்பெண்:
ரொம்ப நன்றி. ஹை டிபென்டன்சி எனக்குத் தோன்றவே இல்லை. பிரிசெப்டர் எப்படி என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

சிகிளாஸ்அக்கா:
போன பேட்ச் சீனியர்களைக் கேள். வார்டு நல்லதா என்று கேட்காதே, எல்லோரும் ஓகே என்பார்கள். பிரிசெப்டர் ஷிஃப்டும் உன் ஷிஃப்டும் ஒரே மாதிரி போட்டார்களா, கடைசியில் தனியாக எத்தனை நோயாளியைப் பார்க்க விட்டார்கள், இதை இரண்டு பேரிடம் கேட்டால் போதும். சேர்ந்த முதல் நாளே உனக்கு என்ன வரும், என்ன வராது என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடு. சரி, ஹை டிபென்டன்சி முதலில் போட்டாலும் கோபிக்க மாட்டேன், மெடிக்கல் இரண்டாவதாக இருக்கட்டும்.

உட்லண்ட்ஸ்பெண்:
அப்படியே போடுகிறேன் அக்கா. மூன்றாவதாக எலும்பு வார்டா, ஐசியூவா?

இரவுஷிஃப்ட்:
ஐசியூவே எழுதுங்கள், ஆசைப்பட்டதை ஏன் விடவேண்டும். கிடைத்தால் ரத்த வாயு பாடத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு வாங்க.