டிஸ்கவரி விண்ணோடத்தின் 39 பயணங்கள்: மறுபயன்பாடு வென்றதா?

கணக்கன்:
1984 ஆகஸ்டு 30 அன்று முதன்முறை கிளம்பி, 2011 மார்ச் 9 அன்று கடைசியாகத் தரையிறங்கிய அமெரிக்க விண்ணோடம் டிஸ்கவரி, மொத்தம் 39 பயணங்களில் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தை விண்வெளியில் கழித்தது. வேறெந்த விண்ணோடமும் இத்தனை முறை பறக்கவில்லை என்பதற்காகவே அதை மறுபயன்பாட்டின் வெற்றிச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடம் ஒன்றுக்கு 100 பயணங்கள் என்று திட்டமிட்டார்கள். ஐந்து ஓடங்களும் சேர்ந்து 30 ஆண்டுகளில் பறந்ததே 135 முறைதான். திரும்பி வந்த ஓடத்தின் ஏறத்தாழ 24,000 வெப்பக்காப்பு ஓடுகளைச் சோதித்து, எஞ்சின்களைக் கழற்றி ஆராய்ந்து, பிறகுதான் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசவே முடிந்தது. பெரிய எரிபொருள் தொட்டியோ ஒவ்வொரு முறையும் தூக்கியெறியப்பட்டது. 1995இல் அந்தத் தொட்டியின் நுரைக் காப்பை மரங்கொத்திகள் கொத்தித் துளைத்ததால் பயணமே ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போன கதையும் உண்டு.

வானோடி:
கணக்கன் ஐயா, செலவைப் பற்றித் தாங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1985ஆம் ஆண்டைச் சற்றுப் பாருங்கள். அந்த ஓராண்டில் மட்டும் டிஸ்கவரி நான்கு முறை பறந்தது. ஏப்ரலில் அது விடுவித்த லீசாட் செயற்கைக்கோள் உயிர்பெறவில்லை. நெம்புகோல் ஒன்று சரியாக விரியாததே காரணம் என்று ஐயப்பட்ட குழுவினர், ஓடத்துக்குள் கிடந்த பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி ஒட்டி, ஈ அடிக்கும் மட்டை போன்ற ஒரு கருவியைச் செய்து, இயந்திரக் கையின் நுனியில் கட்டி அந்த நெம்புகோலை இழுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஆகஸ்டில் அதே டிஸ்கவரி மீண்டும் சென்றது. வீரர்கள் செயற்கைக்கோளைக் கையால் பிடித்து நிறுத்தி, மின்னிணைப்பை மாற்றிக் கொடுத்து, கையாலேயே சுழற்றி விட்டார்கள். அது வேலை செய்தது. அதற்கு முந்தைய நவம்பரில், பாதை தவறிப்போன பலாப்பா, வெஸ்டார் என்னும் இரண்டு செயற்கைக்கோள்களைப் பூமிக்கே கொண்டுவந்து சேர்த்ததும் இதே ஓடம்தான். அவை பழுதுபார்க்கப்பட்டு 1990இல் மறுபடி ஏவப்பட்டன.

கணக்கன்:
தாங்கள் குறிப்பிட்ட அதே 1985இன் சனவரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஃபுளோரிடாவில் கடுங்குளிர் அடித்த நாட்களை அடுத்து, அம்மாதம் 24 அன்று டிஸ்கவரி கிளம்பியது. மீட்கப்பட்ட திண்ம எரிபொருள் ராக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்களைத் தாண்டிச் சூடான வாயு கசிந்து, மசகு கறுத்துப்போயிருந்தது. எச்சரிக்கை கண்ணெதிரே இருந்தது. ஆண்டுக்கு இத்தனை பயணங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்ட நிர்வாகத்தால் நின்று யோசிக்க முடியவில்லை. 1986 சனவரி 28 அன்று அதே வகை வளையம் செயலிழந்து, சேலஞ்சர் என்னும் மற்றொரு விண்ணோடத்தில் ஏழு பேர் மாண்டார்கள். வேகமாகத் திரும்பத் திரும்பப் பறக்க வேண்டும் என்ற அந்த ஆசையையே நான் குறை சொல்கிறேன். வணிகச் செயற்கைக்கோள்களை விண்ணோடத்தில் ஏற்றுவதும் அதோடு நின்றது. ஆகவே தாங்கள் போற்றும் மீட்புப் பணிகளின் காலம் இரண்டே ஆண்டுகள்.

அமுதன்:
இடைமறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சேலஞ்சர், 2003இல் கொலம்பியா என இரண்டு விண்ணோடப் பேரழிவுகளுக்குப் பின்னும் முதலில் பறக்க அனுப்பப்பட்டது டிஸ்கவரியே: 1988 செப்டம்பரிலும், 2005 சூலையிலும். இரண்டாவது முறை ஐலீன் காலின்ஸ் தலைமையில் சென்றபோது, வயிற்றுப்புற ஓடுகளின் இடுக்கிலிருந்து இரண்டு நிரப்புத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையில் நின்றபடி ஓடத்தின் அடியில் சென்ற ஸ்டீவ் ராபின்சன், அவற்றை இரண்டு விரல்களால் மெதுவாக உருவி எடுத்தார். அதே பயணத்தின் தொடக்கத்தில் தொட்டியிலிருந்து மீண்டும் பெரிய நுரைத்துண்டு பெயர்ந்து விழுந்ததால், அடுத்த பயணம் ஓராண்டு தள்ளிப்போனது. இதைக் கணக்கன் ஐயா தம் பக்கத்துக்கும், வானோடி தம் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

வானோடி:
மீட்புப் பணி இரண்டாண்டோடு முடிந்தது என்பதை ஏற்க இயலாது. 1990இல் டிஸ்கவரி கொண்டுசென்ற ஹபிள் தொலைநோக்கி, 1999 நவம்பரில், அதைக் குறிவைத்த திசையில் நிறுத்த உதவும் ஆறு சுழல்காட்டிகளில் நான்காவதும் பழுதாகி ஆய்வுப் பணியை நிறுத்தியது. டிசம்பரில் டிஸ்கவரி சென்று ஆறு சுழல்காட்டிகளையும் மாற்றியது.

கணக்கன்:
அந்தப் பயணம் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழு உயிர்களைப் பணயம் வைத்து, தப்பிக்க வழியில்லாத ஓர் ஊர்தியில் பழுதுபார்ப்போரை அனுப்பித்தான் அதைச் செய்ய முடிந்தது. அந்தப் பயணத்துக்கு ஆன செலவில் எத்தனை தொலைநோக்கிகளைச் சாதாரண ராக்கெட்டில் ஏற்றியிருக்கலாம் என்று தாங்களே கூட்டிப் பாருங்கள்.

வானோடி:
கூட்டிப் பார்க்கலாம், ஐயா. ஆனால் மாற்றுத் தொலைநோக்கிக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியிருக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்? பழைய ஹபிள் மட்டுமே கையில் இருந்தது. அதை எட்டிப் பிடிக்கும் ஊர்தியும் விண்ணோடம் ஒன்றுதான்.