மறு: கன்டெய்னர் போகட்டும், வால்யூமுக்கு என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளில் இருபத்தாறு மடல்கள். பாதிக்கு மேல் கன்டெய்னருக்குத் தமிழில் கொள்கலனா, கலமா என்ற சண்டை. நான் கேட்டது வால்யூமுக்கு! சரி, அந்தச் சண்டையைத் தாண்டாமல் இந்தப் பக்கம் வர முடியாது போலிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபயர்ஃப்ளை III என்ற வரவு செலவு மென்பொருளை வீட்டுக் கணினியில் டாக்கர் வழியாக நிறுவுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். கட்டற்ற மென்பொருள். இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. ஒவ்வொரு பரிமாற்றமும் ஒரு கணக்கிலிருந்து புறப்பட்டு இன்னொரு கணக்கில் போய்ச் சேரும். மளிகைக் கடை ஒரு கணக்கு, சம்பளம் தரும் இடம் இன்னொரு கணக்கு. பேரேடு எழுதிப் பழகியவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. புதிதாக இருப்பதெல்லாம் அதைச் சுற்றியுள்ள டாக்கர் சொற்கள்தான். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் கருவி டாக்கர். அந்தப் பெட்டியை அழித்தாலும் தரவு நிலைக்கும்படி டாக்கர் அதற்கு வெளியே வைத்திருக்கும் இடம் வால்யூம்.

> வால்யூம் என்றே எழுதிவிட்டுப் போகலாமே. டாக்கர் நிறுவத் தெரிந்தவருக்கு வால்யூம் தெரியாதா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் மைத்துனர் பதினோரு மாதக் கணக்கைத் தொலைக்கும் வரை.

அவர் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவர். லினக்ஸ் ஆர்வமும் உண்டு. என் கையேட்டின் முதல் வரைவை வைத்துத்தான் பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவினார். அதில் நான் எழுதியிருந்த வரி: "உங்கள் கணக்குகள் யாவும் கொள்கலனுக்குள் பத்திரமாக இருக்கும்." எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. அவர் அதை நம்பி, மாதத்தின் முதல் ஞாயிறன்று தவறாமல் எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்து, கொள்கலன்களைக் கோப்பாக்கிப் பென் டிரைவில் போட்டு வைத்தார். பதினோரு மாதம், பதினோரு ஞாயிறு. அப்புறம் ஒருநாள் வன்தட்டு போயிற்று. பென் டிரைவைத் திறந்து பார்த்தோம். மென்பொருள் இருக்கிறது, தரவுத்தள நிரல் இருக்கிறது, ஒரு ரூபாய்க் கணக்குகூட இல்லை.

எக்ஸ்போர்ட் கட்டளை கொள்கலனின் கோப்புகளை மட்டும் எடுக்கும். அதனோடு பிணைத்த வால்யூமில் இருப்பதைத் தொடாது. அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும், ஆவணத்திலும் அப்படியே சொல்லியிருக்கிறது. "மச்சான், கொள்கலனுக்குள் இருக்கும் என்று நீதானே எழுதியிருந்தாய்?" என்றார். அவர் கேட்டதில் என்ன தவறு? வால்யூம் என்ற சொல்லும் அதே பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது அவருக்கு எதையும் சொல்லவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைப்பதும் வால்யூம், புத்தகத்தின் மூன்றாம் பாகமும் வால்யூம். பொருள் விளங்காத சொல்லைத் தாண்டிப்போய், விளங்கிய சொல்லான கொள்கலனைப் பிடித்துக்கொண்டார். 'கொள்' என்று பெயரிலேயே இருந்தால் அதற்குள்தான் எல்லாம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

> அதனால்தான் சொல்கிறேன், கொள்கலன் வேண்டாம், கலம் போதும். கலம் என்றால் கப்பல். வரும், போகும்.

இதை எழுதிய நண்பருக்கு முதலில் ஒரு சபாஷ். யவனரின் நன்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. கலம் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. வருகிறது, இறக்குகிறது, போகிறது. டாக்கரின் கன்டெய்னரும் அதே ரகம். புதிய பதிப்பு வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஓட்டுவோம். ரன் கட்டளைக்குக் 'கலத்தை ஓட்டு' என்று எழுதினால் கப்பலுக்கும் பொருந்துகிறது, கணினிக்கும் பொருந்துகிறது. மென்பொருளோடு இணையும் எண்ணிட்ட வாயிலான போர்ட்டுக்கு ஏற்கெனவே 'துறை' என்று சிலர் எழுதுகிறோம். கலம் 8080-ஆம் துறையில் வந்து நிற்கும் என்றால் கேட்கவே நன்றாக இருக்கிறது. முதல் நாள் நானும் இந்தக் கட்சிதான்.

ஆனால் கொழும்பிலிருந்து வந்த மடல் என் வாயை அடைத்துவிட்டது.

> எங்கட பாடநூலில் கலம் என்றால் உயிரியல். உங்களின்ர உயிரணு எங்களுக்குக் கலம். கலப்பிரிவு படிச்ச பிள்ளை 'கலத்தை அழிக்கவும்' என்று வாசித்தால் என்ன நினைக்கும்?

உயிரியலோடு நின்றாலும் பரவாயில்லை. மின்கலம் என்று பேட்டரியில் இருக்கிறது. விரிதாளின் கட்டத்தையும் சிலர் கலம் என்றே எழுதுகிறோம். ஃபயர்ஃப்ளைக்கு வருபவர் பெரும்பாலும் விரிதாளில் கணக்கு எழுதி அலுத்துப்போய் வருபவர். 'கலத்தை நீக்கு' என்றதும் அவர் கை எங்கே போகும்?

கொள்கலனுக்காக வாதாடியவர்களில் துறைமுகச் சரக்கு முகவர் ஒருவர் எழுதியதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. துறைமுகத்தில் யாரும் கொள்கலனைச் சேமிப்பு இடமாக நினைப்பதில்லை. இறக்கத் தாமதமானால் நாள் கணக்கில் கட்டணம் ஏறும் என்கிறார். உண்மைதானே? 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டபோது புதுமை பெட்டியில் இல்லை. உள்ளே என்ன இருந்தாலும் வெளியளவு ஒன்றே, ஆகவே லாரி, கப்பல், பாரந்தூக்கி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதில் இருந்தது. 2013-இல் வந்த டாக்கரின் பெயரும், பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலச் சின்னமும் இதைத்தான் சொல்கின்றன. இரண்டு நாட்டுத் தமிழிலும் சரக்குப் பெட்டிக்குக் கொள்கலன் என்பது செய்தித்தாள் வரைக்கும் போய்விட்ட சொல். அதை மாற்றி என்ன ஆகப்போகிறது? கலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொள்கலனே இருக்கட்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பொருள் தங்குவது எங்கே என்பதற்கு அதைவிட அழுத்தமான ஒரு சொல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். என் கேள்வியே அதுதான்.

வால்யூமுக்கு இதுவரை வந்தவை: கனவளவு, பருமன், தொகுதி, சேமகம், தரவகம், சுருள், குதிர், பத்தாயம், குலுக்கை. முதல் இரண்டும் பாத்திரத்தில் எவ்வளவு நீர் பிடிக்கும் என்பதற்கான கணக்குப் பாடச் சொற்கள். தொகுதி என்றால் தேர்தல் ஞாபகம். சுருளைச் சொன்னவர் இலத்தீன் மூலச்சொல்லுக்கு 'சுருட்டிய ஏடு' என்று பொருள் இருப்பதைக் காட்டினார். தகவல் சரி, ஆனால் இலத்தீன் தெரியாத மைத்துனருக்கு அது எப்படி உதவும்? சேமகம், தரவகம் இரண்டும் மோசமில்லை. ஆனால் 'அகம்' என்று முடியும் சொற்கள் நம்மிடம் கூடிப்போய்விட்டன. சேவையகம், தரவகம், சேமகம், பெட்டகம் என்று ஒரே பத்தியில் நான்கு வந்தால் படிப்பவர் எதையும் வேறுபடுத்திப் பார்க்க மாட்டார். பெட்டகத்தில் வங்கி லாக்கர் வாடை வேறு. கணக்கு மென்பொருளில் அது இன்னொரு குழப்பம்.

குதிரைச் சொன்னவர் கோவைக்காரர். அவர் வீட்டில் தானியம் கொட்டிவைக்கும் மண்குதிர் இன்னும் இருக்கிறதாம். வீட்டில் ஆள் மாறலாம், சமையல் பாத்திரம் மாறலாம், குதிர் அசையாது. வால்யூமின் இலக்கணமே இதுதான். "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும் என்பதால் உள்ளே ஏதோ இருக்கிறது என்ற எண்ணமும் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. சொன்ன மாத்திரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

மேலே உள்ள பத்தியின் முதல் சொல்லை இன்னொரு முறை படியுங்கள்.

> 'குதிரைப் பிணைக்கவும்', 'குதிரை நீக்கவும்', 'குதிரை வேறு கணினிக்கு மாற்றுவது எப்படி?' ஐயா, இது வரவு செலவுக் கையேடா, ரேஸ் கையேடா?

சிரித்து முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கட்டளைகளை விளக்கும் ஆவணத்தில் பாதி வாக்கியம் இரண்டாம் வேற்றுமையில்தான் வரும். எழுவாயாக நிற்கும்போது கம்பீரமாக இருக்கும் சொல், 'ஐ' சேர்ந்தவுடன் நான்கு கால் பாய்ச்சலில் ஓடிவிடுகிறது. 'குதிரினை' என்று எழுதலாம் என்றார் ஒருவர். எழுதலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சாரியை போட வேண்டும் என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது எட்டு வேற்றுமையிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதை இந்தக் குழுவில் யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

குலுக்கை தெற்கத்திச் சொல், அதே மண்குதிர்தான். ஆனால் பிற வட்டாரத்தாருக்குக் குலுக்கல் சீட்டு நினைவுக்கு வரும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த நினைவு வேண்டாம்.

மிஞ்சுவது பத்தாயம். தஞ்சைப் பக்கத்து வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி. மலையாளத்திலும் இதே சொல் இருக்கிறது. மேலே கொட்டுவார்கள், கீழே உள்ள சிறு திறப்பு வழியாக எடுப்பார்கள். பத்தாயத்தில், பத்தாயத்தை, பத்தாயத்துக்கு, பத்தாயங்கள் என்று எந்த உருபும் உறுத்தவில்லை. வேறு துறையில் யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. பழைய சொல், நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்ற ஆட்சேபம் வந்தது. தெரியாததே நல்லது என்பேன். தெரியாத சொல்லைக் கண்டால் நின்று, விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். வால்யூமைப் போலத் தெரிந்ததாக நினைத்துத் தாண்டிப்போக மாட்டார்கள்.

> பைண்ட் மவுண்ட்டும் பத்தாயமா?

இல்லை. அதில் நம் கணினியின் கோப்புறை ஒன்றையே நேராகக் கொள்கலனுக்குக் காட்டுகிறோம். டாக்கர் பராமரிக்கும் தனி இடம் எதுவும் இல்லை. அதற்குக் 'கோப்புறைப் பிணைப்பு' போதும். டாக்கர் தன் பொறுப்பில் பெயரிட்டு வைத்திருப்பது மட்டும் பத்தாயம்.

கொள்கலன்களை உருவாக்க உதவும் மாறாத மூலமான இமேஜுக்குப் 'படிமம்' என்றே விட்டுவிடுவோம். அச்சுவெல்லத்தை நினைத்து 'அச்சு' என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: ஒரே அச்சில் எத்தனை வெல்லமும் வார்க்கலாம், அச்சு மாறாது. ஆனால் இமேஜை இணையத்திலிருந்து எடுத்துவரும் புல் கட்டளைக்கு 'அச்சை இழு' என்று எழுதிப் பார்த்தேன். தேர்த் திருவிழா மாதிரி இருக்கிறது.

மென்பொருளை நம் சொந்தக் கணினியிலேயே நிறுவி ஓட்டும் செல்ஃப் ஹோஸ்டிங்குக்கு வந்த தன்னோம்பல், தற்புரவல், தன்வழங்கல் மூன்றையும் என் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை. 'சொந்த வழங்கியில் நிறுவுதல்' என்றே எழுதப்போகிறேன். சொந்த வீடு, சொந்தக் கடை என்று சொல்கிற ஊருக்குச் சொந்த வழங்கி விளங்கும். சர்வருக்கு வழங்கியா, சேவையகமா என்பதைத் தயவுசெய்து இந்த இழையில் தொடங்காதீர்கள்.

திருத்திய பகுதி இப்படி வரும்:

"கொள்கலனுக்குள் மென்பொருள் மட்டுமே ஓடுகிறது. அதை எப்போது வேண்டுமானாலும் அழித்துப் புதிதாக ஓட்டலாம். உங்கள் கணக்குகள் பத்தாயத்தில் இருக்கின்றன. ஃபயர்ஃப்ளைக்கு இரண்டு பத்தாயங்கள்: ஒன்று தரவுத்தளத்துக்கு, ஒன்று நீங்கள் ஏற்றும் ரசீதுகளுக்கு. பிரதி எடுப்பது என்றால் தரவுத்தளத்தை அதற்கான டம்ப் கட்டளையால் கோப்பாக்கி, ரசீதுப் பத்தாயத்தையும், முப்பத்திரண்டு எழுத்துத் திறவுகோல் உள்ள அமைப்புக் கோப்பையும் சேர்த்து வேறு இடத்தில் வைப்பது. கொள்கலன்களை இறக்கும் டவுன் கட்டளையோடு வி என்ற தெரிவைச் சேர்த்தால் பத்தாயங்களும் போய்விடும், சேர்க்காதீர்கள்."

மைத்துனரிடம் அனுப்பினேன். "இப்போது புரிகிறது, ஆனால் அந்த வி எழுத்தைச் சிவப்பில் போடு" என்று பதில் வந்தது. போட்டுவிட்டேன்.

ஆட்சேபம் இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதோடு இன்னொன்றும் தீர்க்க வேண்டும். ஃபயர்ஃப்ளையில் ஒரு நோக்கத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கும் பிக்கி பேங்க் வசதிக்கு 'உண்டியல்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். கொழும்பு நண்பர் அதையும் பிடித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக அல்லாமல் ஊருக்குக் காசு அனுப்புவதை அங்கே உண்டியல் என்பார்களாம். 'இந்த மாதம் உண்டியலில் பத்தாயிரம் போட்டேன்' என்று திரையில் இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று கேட்கிறார். சேமிப்பு உண்டியல் என்று நீட்டலாமா, வேறு சொல் இருக்கிறதா?