பின்வகுத்த உட்குழு: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களே,

மருந்துச் சோதனை முடிந்தபின் நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு (ஆங்கிலத்தில் post hoc subgroup analysis) "துணைக்குழுப் பின்னாய்வு" என்ற சொல் போதும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் இரண்டு தடைகள். துணைக்குழு என்றதும் அமைச்சரவைத் துணைக்குழுதான் நினைவுக்கு வருகிறது. பின்னாய்வு அதைவிடக் குழப்பம். ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ஏ.எல். அமிலாய்டோசிஸ் நோயில் உருக்குலைந்த புரதம் இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிகிறது. அந்தப் படிவை அகற்றுவதற்கான எதிர்ப்பொருள் மருந்து பிர்டமிமாப். இதைச் சோதித்த வைட்டல் என்ற மூன்றாம் கட்ட ஆய்வு, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2018இல் நிறுத்தப்பட்டது. அப்புறம் தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தம் 260 பேரில் நோய் மிக முற்றிய மேயோ நான்காம் நிலையில் இருந்தவர்கள் 77 பேர். அவர்களில் மருந்து பெற்றோரில் 74 விழுக்காட்டினர் ஒன்பது மாதம் கழித்தும் உயிருடன் இருந்தார்கள். மருந்துப்போலி பெற்றோரில் 49 விழுக்காட்டினர்தான். கைவிடப்பட்ட மருந்துக்கு மறுபடி நம்பிக்கை பிறந்தது. நான்காம் நிலை நோயாளிகளை மட்டும் சேர்த்து அஃபர்ம்-ஏ.எல். ஆய்வை நடத்தினார்கள். 2025இல் முடிவு வந்தது: உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இப்போது "வைட்டலின் பின்னாய்வு" என்று எழுதினால், அந்த 77 பேரின் கணக்கா, அடுத்து நடந்த அஃபர்ம்-ஏ.எல். ஆய்வா? படிப்பவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்.

ஆகவே என் முன்மொழிவு: பின்வகுத்த உட்குழு. அதன் எதிர்ச்சொல், முன்வகுத்த உட்குழு; அதாவது முடிவைப் பார்க்கும் முன்பே திட்டமிட்டுப் பிரித்தது. "முன்குறித்த" என்று முதலில் யோசித்தேன். ஆனால் அதை "முன்பு குறிப்பிட்ட" என்று படித்துவிடலாம். வகு என்ற வினைக்குப் பிரித்தல், திட்டமிடுதல் என்ற இரு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் வேண்டும். பெயரெச்சமாகவே வைத்துக்கொள்வோம். "பின்வகுப்பு" என்றால் பள்ளிக்கூட வகுப்பாகிவிடும்.

அதே நோய்க்கான அன்செலமிமாப் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி அதே 2025இல் வந்த செய்தியில் இதைப் பொருத்திப் பாருங்கள்: "அன்செலமிமாப் ஆய்வு முதன்மை இலக்கை எட்டவில்லை; ஆனால் முன்வகுத்த உட்குழு ஒன்றில் பயன் தெரிந்தது." தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. இலக்கு தவறியபின் வரும் உட்குழு முடிவு, முன்வகுத்ததே ஆனாலும், மறுபடி சோதிக்க வேண்டிய ஒரு கருதுகோள்தான். ஆனால் முன்வகுத்ததா, பின்வகுத்ததா என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட முடியும். நோயாளியின் வீட்டார் முதலில் படிப்பது இப்படிப்பட்ட செய்தியைத்தான்.

உட்குழுவுக்கு வேறு நல்ல சொல் இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். முன், பின் இரண்டையும் மட்டும் விட்டுவிட வேண்டாம்.